பரிசா கொம்புச்சா கிட் வாங்குறவங்க, பெட்டிய பிரிச்சுப் பாக்காம குடுக்காதீங்க

வீட்லயே கொம்புச்சா, அதாவது டீய புளிக்க வச்சு எடுக்குற பானம், போடுறதுக்கு 'பிகினர் ஹோம் ப்ரூயிங் கிட்'னு இன்ஸ்டால விளம்பரம் ஓடிட்டே இருக்கு, மரப்பெட்டி, ரிப்பன், பேரு எழுதின கார்டு எல்லாம் வச்சு. யாருக்காவது பர்த்டேக்கோ புது வீட்டுக்கோ குடுக்கலாம்னு நினைக்கிறவங்க தயவுசெஞ்சு இத முழுசா படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. 2,799 ரூபா போனது கூட எனக்குப் பெருசில்ல. என் தங்கச்சி வீட்டு அடுப்படில ராத்திரி பாட்டில் வெடிச்சு கண்ணாடி சில்லு சிதறிக் கெடந்துச்சு, அந்த எடத்துலதான் காலைல எந்திரிச்ச உடனே ரெண்டு பிள்ளைகளும் வெறுங்கால்ல ஓடும்.

தங்கச்சி பெங்களூர்ல வேலை பாத்துட்டு இப்ப மண்டபத்துல வீடு கட்டி வந்துட்டா, வேலை வீட்ல இருந்தே. அங்க குடிச்சுப் பழகின கொம்புச்சா இங்க கிடைக்கல, ராம்நாட்டுல தேடி ஒரு பாட்டில் கிடைச்சாலும் விலை யானை விலை. அதான் பால் காய்ச்சுற அன்னைக்கு குடுக்கலாம்னு உச்சிப்புளில இருந்து நான் முன்கூட்டியே ஆர்டர் போட்டேன். கடை பேர இங்க போடல, புகார் குடுத்திருக்கேன், அது முடியட்டும்.

இவங்க ஏமாத்துற விதத்த மொதல்ல புரிஞ்சுக்கங்க. பரிசுக்கு வாங்குறவன் காசு குடுப்பான், ஆனா பெட்டிய பிரிக்க மாட்டான், ரிப்பன் கட்டி அழகா வந்திருக்கே, அத யாரு அவுப்பா. பிரிக்கிறவங்களுக்கு உள்ள என்ன இருக்கணும்னே தெரியாது, அவங்க புதுசு. தெரிஞ்சாலும் அக்கா ஆசையா குடுத்தது, நல்லா இல்லன்னு எப்படிச் சொல்றதுன்னு வாய மூடிக்குவாங்க. அதுக்குள்ள ரிட்டர்ன் டைம் முடிஞ்சிரும். தங்கச்சியும் அப்படித்தான் எங்கிட்ட ரொம்ப நாள் சொல்லவே இல்ல, மச்சான் தான் போட்டோ அனுப்புனாரு.

இப்ப உள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்றேன். கொம்புச்சான்னா வேற ஒண்ணும் இல்ல, சர்க்கரை போட்ட டீய பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து புளிக்க வைக்கிறது. அதுக்கு ஸ்கோபின்னு ஒரு வழவழப்பான படலம், அதோட ஏற்கனவே புளிச்ச பழைய கொம்புச்சாத் தண்ணி, ரெண்டும் வேணும். நிறைய பேர் அந்தப் படலம்தான் முக்கியம்னு நினைக்கிறாங்க, இல்லவே இல்ல, அந்தத் தண்ணிதான் உயிர், பாலுக்கு உறை மோர் மாதிரி. ஒரு லிட்டர் டீக்கு 100ல இருந்து 200 மில்லி வரைக்கும் ஊத்தணும், அப்பத்தான் ஆரம்பத்துலயே புளிப்பு ஏறி பூஞ்சை அண்டாம இருக்கும். கிட்ல வந்த ஜிப் கவர்ல ரெண்டு ஸ்பூன் தண்ணி கூட தேறாது, படலம் ஓரமெல்லாம் காஞ்சு சுருண்டு போயிருந்துச்சு, பேக்கிங் தேதி மேல இன்னொரு ஸ்டிக்கர ஒட்டி வச்சிருந்தாங்க. வெயில்ல கூரியர் வேன்ல கெடந்து வந்ததுன்னு வச்சாலும் தண்ணி அளவு குறைஞ்சதுக்கு வெயில் காரணம் இல்லையே.

விளைவு, சில நாள்லயே மேல பச்சையும் கருப்புமா பஞ்சு பஞ்சா பூத்துச்சு. அப்படி வந்தா மேல வழிச்சுப் போட்டுட்டு அடில இருக்கிறத குடிக்கக் கூடாது, எல்லாத்தையும் கொட்டணும், ஸ்கோபியோட சேத்து. அவங்க குடுத்த புக்லெட்டுல அதப் பத்தி ஒரு வரி இல்ல. ரூம் டெம்பரேச்சர் 21 டிகிரி, ரெண்டு வாரம் வைங்கன்னு குளிர் நாட்டுக்காரங்க எழுதினத அப்படியே காப்பி அடிச்சு வச்சிருக்காங்க. நம்ம பக்கம் சித்திரை வெயில்ல ரெண்டு வாரம் வச்சா அது வினிகர், நாலு அஞ்சு நாள்லயே ருசி பாக்க ஆரம்பிச்சிரணும்.

டீ பாக்கெட் வேற ஏர்ல் கிரே, வாசனை எண்ணெய் சேத்த டீ, இதுக்கு அது ஆகாது, சாதா டீத்தூள்தான் வேணும். ஜாடில குழாய் உலோகம், மேல பளபளன்னு பூச்சு, புளிப்புல அது அரிச்சு குடிக்கிறதுலயே எறங்கும். அப்புறம் பிஹெச், அதாவது புளிப்பு அளவு, பாக்குற பேப்பர், நம்பர் குறையக் குறைய புளிப்பு கூடன்னு அர்த்தம். இத நான் பக்கத்துல வச்சு நல்லா பாத்தேன், டப்பா பின்னாடி 4.5ல இருந்து 9 வரைக்கும் கலர் கட்டம் போட்டிருக்கு. அது லேப்ல யூரின் டெஸ்ட்டுக்கு வச்சுக்கிறது. கொம்புச்சா 4.2க்குக் கீழ போகுதா, 3 கிட்ட நிக்குதான்னுதான் பாக்கணும், அந்தப் பேப்பர்ல 4.5க்குக் கீழ கட்டமே கிடையாது. புதுசா கத்துக்கிற பிள்ளை எத வச்சு இது பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சுக்கும்? இத நெனச்சாதான் எனக்கு வயிறு எரியுது.

புகார் பண்ணதும் வாட்ஸ்அப்ல பதில் என்ன வந்துச்சு தெரியுமா, உங்க ஊர் உப்புத் தண்ணி மேடம், அதான் கெட்டுப் போச்சுன்னு. ராமநாதபுரம்னாலே உப்புத் தண்ணின்னு முடிவு பண்ணிட்டாங்க. போர் தண்ணி உப்புதான், யாரு இல்லன்னா, அதனாலதான் அவ கேன் தண்ணிய கொதிக்க வச்சு ஆறவச்சு போட்டா. சரி, அத நிரூபிக்கவும் ஆச்சு. மதுரைல அவ ஃபிரண்டு ஒருத்தி நல்லா புளிச்ச தண்ணியோட ஸ்கோபி குடுத்தா, அதே அடுப்படி, அதே கேன் தண்ணி, ராம்நாட்டு பாத்திரக்கடைல வாங்குன வாயகன்ற கண்ணாடி ஜாடி, வாய்க்கு வேட்டித் துணி கட்டி ரப்பர் பேண்டு போட்டா, அருமையா வந்துச்சு. அப்ப தப்பு தண்ணிலயா கிட்லயா?

ஆனா அத அடைச்சு வைக்க கிட்ல வந்த பாட்டிலத்தான் எடுத்திருக்கா. இஞ்சியும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு மூடினா உள்ள கேஸ் உருவாகும், அதான் நுரை. அந்த அழுத்தத்தத் தாங்குறதுக்கு உருண்டையான, கனமான, கேஸ் டிரிங்க் அடைக்கன்னே செஞ்ச பாட்டில் வேணும். இவங்க குடுத்தது சதுர பாட்டில், மெல்லிசு, கம்பி மூடி போட்டு பாக்க அழகா இருக்கும், எண்ணெய் ஊத்தி வைக்கிற வகை. சதுரத்துல மூலைலதான் அழுத்தம் போய் உக்காரும், நம்ம சூட்டுக்கு ஒரு ராத்திரி போதும். வெடிச்ச சத்தத்துல மச்சான் சிலிண்டர்தான் போச்சுன்னு எந்திரிச்சு ஓடிருக்காரு.

இன்னொரு விஷயம், இதுதான் ரொம்ப ஆபத்து. பெட்டி அடில ஒரு சின்ன ஈஸ்ட் பாக்கெட்டும் 'திராட்சை ஒயின், ஜிஞ்சர் பீர் வீட்லயே, 100% லீகல்'னு ஒரு கார்டும் இருந்துச்சு. எந்த ஊர்ல லீகல்? அமெரிக்கால 1978ல சட்டம் போட்டு வீட்டுத் தேவைக்கு பீர் காய்ச்ச விட்டாங்க, இங்கிலாந்துலயும் காய்ச்சுறாங்க, அங்க ஒருத்தர் ஒருத்தருக்கு கிட் பரிசு குடுக்குறது சகஜம். இங்க தமிழ்நாட்டுல 1937ல வந்த மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு, லைசென்ஸ் இல்லாம வீட்ல மது தயாரிச்சா குற்றம். சுத்துமுத்தும் பனங்காடா இருந்தும் 1987ல இருந்து கள்ளுக்கே தடை. இது எதுவும் தெரியாத ஒரு புள்ள அந்தக் கார்ட நம்பி ஒயின் போட்டு, பக்கத்து வீட்டுக்காரங்க போலீசுக்கு சொல்லிட்டா மாட்டுறது அந்தப் புள்ளதான், கார்டு அடிச்சவன் இல்ல. கொம்புச்சாலயும் லேசா ஆல்கஹால் உண்டு, சூட்டுல கூடும், அதனால சின்னப் பிள்ளைங்களுக்கும் மாசமா இருக்கவங்களுக்கும் குடுக்காதீங்க.

அதனால கிட் வாங்கியே ஆகணும்னா ஆர்டர் போடுறதுக்கு முன்ன ஸ்டார்ட்டர் தண்ணி, அதான் அந்தப் புளிச்ச தண்ணி, எத்தன மில்லின்னு கேளுங்க, பதில் வரலன்னா விட்ருங்க. லேபிள்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லைசென்ஸ் நம்பர், பேக் பண்ண மாசம், முழு அட்ரஸ் இருக்கா பாருங்க, எனக்கு வந்ததுல வெறும் வாட்ஸ்அப் நம்பர்தான். வந்த அன்னைக்கே பிரிங்க, பிரிக்கிறத வீடியோ எடுங்க, ரிப்பன திரும்பக் கட்டிக்கலாம். என்னக் கேட்டா கிட்டே வேணாம், ஜாடி, டீத்தூள், சர்க்கரை, துணி எல்லாம் கடைல இருக்கு, ஏற்கனவே போடுறவங்ககிட்ட கேட்டா ஸ்கோபி சும்மாவே குடுப்பாங்க, ஒவ்வொரு தடவையும் புதுசு வளந்துட்டேதான இருக்கும்.

ஏமாந்தவங்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம். ஆன்லைன்ல விக்கிறவங்க புகார் வந்த 48 மணி நேரத்துல வந்துச்சுன்னு ஒத்துக்கணும், ஒரு மாசத்துல தீர்வு சொல்லணும்னு 2020 இ-காமர்ஸ் நுகர்வோர் விதில இருக்கு. எனக்கு பிளாக்தான் பண்ணாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், அவங்க ஊருக்கு அலைய வேண்டியதில்ல, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல. நான் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துல போடப் போறேன், பில்லும் போட்டோவும் எடுத்து வச்சாச்சு.

ஏற்கனவே இந்த மாதிரி சதுர பாட்டில்ல அடைச்சு வெளிய வச்சிருக்கீங்களா, இப்பவே போய் ஃப்ரிட்ஜ்ல வைங்க, எடுக்கும்போதே கெட்டித் துண்டு சுத்தி முகத்துக்குத் தள்ளிப் பிடிச்சு எடுங்க. நல்லா சில்லுன்னு ஆனப்புறம் சிங்க்ல வச்சு, துண்டோடயே மூடிய கொஞ்சங் கொஞ்சமா விடுங்க, பிள்ளைங்கள அடுப்படிக்கு வெளிய அனுப்பிட்டு.