சொந்த மென்பொருளா, இ-ஆபீஸா?

காகிதமில்லா அலுவலகம் என்று அரசு இலக்கு வைத்தாயிற்று. துறைகளுக்கும் வாரியங்களுக்கும் அதற்கு இரண்டு வழிகள். டெண்டர் விட்டு நமக்கென்றே ஒரு கோப்பு மென்பொருள் எழுத வைக்கலாம். இல்லையென்றால், மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) உருவாக்கிய இ-ஆபீஸ் என்ற பொதுக் கோப்பு மென்பொருளில் போய்ச் சேரலாம். எங்கள் அலுவலகம் இரண்டையும் பார்த்துவிட்டு இ-ஆபீஸைத்தான் எடுத்தது. ஆகவே என் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும்.

சொந்த மென்பொருள் நம் பழக்கத்துக்கு வளைந்து கொடுக்கும். தமிழ்நாட்டு மாவட்ட அலுவலகங்களில் டாட்டன்ஹாம் என்ற பழைய கோப்பு முறைதான் பழக்கம்: வரும் கடிதத்துக்குத் தரும் ந.க. எண், ஒவ்வொரு உதவியாளரும் தன் கோப்புகளைக் குறித்துவைக்கும் தன்பதிவேடு, முடித்த கோப்பை ஓராண்டு வைத்தால் போதுமென்றால் எல்.டிஸ்., நிரந்தரமென்றால் ஆர்.டிஸ். இ-ஆபீஸோ மத்தியச் செயலகத்தின் நடைமுறைக் கையேட்டை ஒட்டி எழுதப்பட்டது. "என் தன்பதிவேடு எங்கே சார்?" என்று மூத்த உதவியாளர்கள் கேட்டது நியாயம்தான்.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. தபால் பதிவுக்கு எங்களிடம் ஏற்கெனவே ஒரு தனியார் மென்பொருள் இருந்தது. ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தவரை எல்லாம் சரி. அது முடிந்ததும், புதிய பிரிவு ஒன்றின் பெயரைப் பட்டியலில் சேர்க்கக்கூடத் தனி எஸ்டிமேட் வந்தது. எழுதிய பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். மென்பொருளின் மூல நிரலான சோர்ஸ் கோடு எங்கள் கையில் இல்லை. போதாக்குறைக்கு, பழைய பதிவுகள் எல்லாம் வானவில் எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அனுப்புநர் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பை. தமிழுக்கு, எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோட் என்று தமிழ்நாடு அரசு 2010-லேயே ஆணையிட்டுவிட்டது என்பதை நினைத்தால் எரிச்சல்தான் வரும்.

இதோடு பாதுகாப்புத் தணிக்கை. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளரின் சான்று இல்லாமல் அரசு சர்வரில் ஏற்ற முடியாது. பெரிதாக ஏதாவது மாற்றினால் மறுபடியும் தணிக்கை. சொந்த மென்பொருள் என்றால் அந்தத் தலைவலி நம்முடையது. இ-ஆபீஸில் அது என்ஐசி பாடு.

அப்புறம், துறையின் திட்டமும் அரசின் இலக்கும் ஒத்துப்போகின்றனவா என்பது கோப்பு அலுவலகத்தைவிட்டு வெளியே போகும்போதுதான் தெரியும். தனி மென்பொருளில் அச்செடுத்து, ஒப்பமிட்டு, ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். அங்கே மறுபடி பதிவார்கள். எதிர் அலுவலகமும் அதே இ-ஆபீஸில் இருந்தால் குறிப்புத் தாளோடு கோப்பே நகரும். இ-ஆபீஸில் மஞ்சள் குறிப்பை வரைவாக வைத்துத் திருத்திக்கொள்ளலாம். பச்சைக் குறிப்பை மேலே அனுப்பிவிட்டால் திருத்த வழியில்லை. யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதும் தெரிந்துவிடும். சிலருக்கு இ-ஆபீஸ் பிடிக்காமல் போனதற்கு நெட்வொர்க்கை மட்டும் குறை சொல்ல முடியாது!

நெட்வொர்க் படுத்தால் மொத்த அலுவலகமும் படுக்கும் என்பதும் உண்மை. சின்ன அலுவலகம் ஒரு மாற்றம் கேட்டால் என்ஐசியில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

நான் சொல்வதெல்லாம் கோப்பே பிரதானமான அலுவலகத்துக்கு. குடிநீர், மின்சாரம் மாதிரிக் களப்பணி மிகுந்த இடங்களில் நான் வேலை பார்த்ததில்லை. மீட்டர் அளவெடுக்க, புகார் பதிய அவர்களுக்குத் தனிச் செயலி தேவைப்படலாம். அப்படியே செய்தாலும் சோர்ஸ் கோடு துறைக்கே சொந்தம், தரவு முழுக்க யூனிகோடில், ஒப்பந்தம் முடியும்போது வேறு மென்பொருள் படிக்கும் வடிவில் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். வேலை உத்தரவு கொடுத்தபின் கேட்டால் அதற்கும் எஸ்டிமேட் வரும்.