பிஎன்ஆர் கைக்கு வந்தாலும் டிக்கெட் வந்ததாக நினைக்காதீர்கள்

மலிவாக விமான டிக்கெட் தேடிக்கொண்டிருக்கிறீர்களா, கார்டை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். விலை ஒப்பிடும் தளம் ஒன்றில் தேடினேன். அதே விமானம், அதே நேரம், ஆனால் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருப்பதைவிட விலை குறைவு. விற்பது நான் கேள்விப்படாத ஒரு ஏஜென்சி. ஸ்கைஸ்கேனர், கூகுள் ஃப்ளைட்ஸ் மாதிரித் தளங்கள் பெரும்பாலும் விலையைக் காட்டி நம்மை வேறு ஒருவரிடம் அனுப்பிவிடுகின்றன. பணம் வாங்குவது அந்த வேறு ஒருவர்தான், பிரச்சினை வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

பணம் உடனே போய்விட்டது. ஆறு எழுத்து பிஎன்ஆரோடு, அதாவது முன்பதிவுக் குறியீட்டோடு, 'உறுதி செய்யப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்தது, அதை விமான நிறுவனத் தளத்தில் போட்டுப் பார்த்தால் என் பெயர், தேதி எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் சீட் தேர்ந்தெடுக்கலாம் என்று போனால் அப்படி ஒரு முன்பதிவே இல்லை என்கிறது.

விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டதில், டிக்கெட் இஷ்யூ ஆகவே இல்லை என்றார்கள். சீட்டைப் பிடித்து வைப்பது வேறு, டிக்கெட் போடுவது வேறு. ஏஜென்ட் நினைத்தால் விமான நிறுவனத்துக்குக் காசு கட்டாமலேயே சீட்டைப் பிடித்து பிஎன்ஆர் வாங்கிவிடலாம். அதற்கு ஒரு கெடு இருக்கும், அதற்குள் டிக்கெட் போடவில்லை என்றால் சிஸ்டமே சீட்டைக் கழற்றிவிடும். என் பணம் ஏஜென்சியோடு நின்றுவிட்டது, விமான நிறுவனத்துக்கு எதுவும் போகவில்லை. காட்டிய விலைக்கு டிக்கெட் கிடைக்காமல், இறங்குமா என்று காத்திருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

ஏஜென்சியைப் பிடித்தால், கட்டணம் ஏறிவிட்டதாம், வித்தியாசத்தைக் கட்ட வேண்டுமாம், வேண்டாம் என்றால் ரத்துக் கட்டணம் போக மீதியைத் தருவார்களாம். போடாத டிக்கெட்டுக்கு ரத்துக் கட்டணம்! விமான நிறுவனமோ, நீங்கள் யாரிடம் கட்டினீர்களோ அவர்களிடம் கேளுங்கள் என்று முடித்துக்கொண்டது. கோபம் வந்தாலும் அவர்கள் சொன்னது நியாயம்தான், அவர்கள் கைக்குக் காசே போகவில்லையே.

ஆகவே எந்த ஏஜென்ட்டிடம் வாங்கினாலும் அன்றைக்கே டிக்கெட் எண்ணைக் கேளுங்கள். அது 13 இலக்கம். முதல் மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தின் குறியீடு: ஏர் இந்தியா என்றால் 098, எமிரேட்ஸ் 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618. ஏஜென்சி தரும் நீளமான 'ஆர்டர் எண்' இது இல்லை. பட்ஜெட் விமானங்கள் பலவற்றில் இந்த எண்ணே கிடையாது, அங்கே பணம் முழுதாகக் கட்டப்பட்டதாக விமான நிறுவனத் தளத்தில் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் எண் வரவில்லை, கேட்டால் 'பிராசஸிங்' என்கிறார்கள் என்றால் நான் இனி காத்திருக்க மாட்டேன்.

இன்னொன்று, இந்த ஏஜென்சிகளுடைய உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். மேலே விளம்பரமாக வந்த ஒரு எண்ணைக் கூப்பிட்டேன், எடுத்தவர் ஏஜென்சி பெயரையே சொல்லிவிட்டு, ரீஃபண்ட் அனுப்ப ஓடிபி கேட்டார். வைத்துவிட்டேன்.

கடைசியில் வேலை செய்தது கார்டு கொடுத்த வங்கியில் போட்ட முறையீடுதான். காசு வாங்கிவிட்டு சேவை தரவில்லை என்பதற்கு விசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும் வழி இருக்கிறது, கெடு பொதுவாக 120 நாள், வங்கிக்கு வங்கி மாறலாம், தள்ளிப்போடாதீர்கள். ஏஜென்சி சாட்டில் எழுதியது, டிக்கெட் இஷ்யூ ஆகவில்லை என்று விமான நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல், இரண்டையும் இணைத்தேன். போனில் பேசியது எதுவும் எடுபடவில்லை, எழுத்தில் இருந்ததுதான் உதவியது. ஏஜென்சி பதிலுக்கு பிஎன்ஆர் ஸ்கிரீன்ஷாட் ஒன்றைக் காட்டியது, டிக்கெட் எண்ணைக் காட்ட முடியவில்லை. கட்டணம் திரும்பி வந்தது.

சேவைக் கட்டணம் மட்டும் இன்னும் வரவில்லை. அதை வேறொரு நிறுவனப் பெயரில் தனி வரியாகப் பிடித்திருக்கிறார்கள், அதனால் முதல் முறையீட்டில் அது சேரவில்லை, இப்போது தனியாகப் போட்டிருக்கிறேன். உங்கள் ஸ்டேட்மென்ட்டிலும் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் இரண்டுக்கும் சேர்த்தே போடுங்கள்.