யூவி, கோல்ட் பிளாஸ்மா, கலர் சார்ட்டர்: ரொம்ப நாள் ஓட்டிப் பார்த்ததுல தோணுனது

வேர்க்கடலைல அஃப்லாடாக்சினை, அதாவது பூஞ்சை விடுற நச்சைக் கொறைக்க சூடு இல்லாத மெஷின்களை சில வருஷமா ஓட்டிட்டு இருக்கேன். வறுத்தா போயிடாதான்னு எல்லாரும் கேப்பாங்க, கொஞ்சம் கொறையும் அவ்ளோதான், அஃப்லாடாக்சின் பி1 (அதுல ரொம்ப மோசமான வகை) முழுசா சிதையணும்னா 250 டிகிரி பக்கம் போகணும், அந்தச் சூட்டுல கடலை கரிதான்.

மொதல்ல யூவி-சி சேம்பர், அதாவது 254 நானோமீட்டர் புற ஊதா லேம்ப் வச்ச பெட்டி. மெல்லிசா ஓடுற திரவத்துக்கு ஓகே, முழுக் கடலைக்கு சுமார். ஒளி மேல்பரப்பைத் தாண்டாது, பூஞ்சை உள்ளுக்குள்ள பருப்புப் பிளவுல உக்காந்திருக்கும். வைப்ரேட்டர் தட்டுல உருட்டிக்கிட்டே விட்டா கொஞ்சம் தேவலை. லேம்ப் நீலமா எரியுதேன்னு மட்டும் நம்பிடாதீங்க, கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம் அப்படியே இருக்கும் ஆனா யூவி படுத்திருக்கும், மீட்டர் வச்சு அளக்கணும். லேம்பைச் சுத்தி இருக்குற குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய்ல தூசி படிஞ்சாலும் இதே கதைதான்.

கோல்ட் பிளாஸ்மா கேக்க சூப்பரா இருக்கும். காத்துல ஹை வோல்டேஜ் குடுத்தா ஓசோன், நைட்ரஜன் ஆக்சைடு, ரேடிக்கல் (சட்டுனு வினைபுரியுற துகள்)னு ஒரு கும்பலே கெளம்பி வந்து பி1 மூலக்கூறோட கடைசி ஃபியூரான் வளையத்துல இருக்குற இரட்டைப் பிணைப்பைத் தாக்கும், விஷத்துக்கு முக்கிய காரணமே அந்தப் பிணைப்புதான். ஆனா அதே கும்பல் கடலை எண்ணெயையும் விடாது, நேரம் கூட்டினா காறல் வாடை வந்துடும். எண்ணெய் கம்மியான தானியத்துக்குன்னா யோசிக்கலாம். ஓசோன் வெளிய போக எக்ஸாஸ்ட் கண்டிப்பா வேணும், இல்லன்னா தொண்டை எரியும். பி1 கொறைஞ்சுதுன்னு ரிப்போர்ட் வந்தா, உடைஞ்ச துண்டு என்னவா மாறுச்சுன்னும் லேப்ல கேளுங்க.

காமா கதிர் அடிக்கிறதை வெளில குடுத்துப் பண்ணேன். பூஞ்சை செத்துடும், ஏற்கெனவே ஊறுன நச்சு பெருசா அசையல, காஞ்ச பருப்புல தண்ணி இல்லாததால ரேடிக்கல் உண்டாகுறது கம்மி.

எனக்கு உண்மையா உழைச்சது கலர் சார்ட்டர்தான், நெறத்தைப் பாத்து பருப்பைப் பிரிக்கிற மெஷின், அது எதையும் உடைக்கிறதே இல்லங்கிறதுதான் வேடிக்கை. நச்சு ஒரு லாட் (மொத்தச் சரக்கு) முழுக்க சமமா இருக்காது, ஒரு சில பருப்புல மட்டும் கன்னாபின்னானு ஏறியிருக்கும், சுருங்குனது நெறம் மாறுனதுன்னு அதுங்களைத் தள்ளிட்டாலே நச்சு அளவு நல்லா எறங்குது. ஐரோப்பிய யூனியன்ல நேரடியா சாப்பிடுற கடலைக்கு பி1 லிமிட் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், சார்ட்டர் இல்லாம யூவியை மட்டும் வச்சு அதைத் தொடுறது கஷ்டம். நெறம் மாறாத நச்சுப் பருப்பு சிலது தப்பிச்சுப் போகும், அதுக்குத்தான் பின்னாடி யூவி வச்சிருக்கேன். சாம்பிள் எடுக்குறப்பவும் ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பாதீங்க, மூட்டை மூட்டையா பல இடத்துல எடுத்து அரைச்சுக் கலந்து அனுப்புங்க.