பிடிஎஸ்டி கோச் செயலி: மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியாதவருக்கு எவ்வளவு உதவும்?

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பைத்தான் பிடிஎஸ்டி என்கிறோம். அதனுடன் வாழ்பவர்களுக்காக அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறையின் தேசிய பிடிஎஸ்டி மையம், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து 2011-இல் வெளியிட்ட செயலி பிடிஎஸ்டி கோச். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இலவசம். கணக்குத் தொடங்க வேண்டாம், பெயர் கொடுக்க வேண்டாம். போர் மட்டுமல்ல, விபத்து, வன்முறை, பாலியல் கொடுமை என எதற்குப் பின்னும் பயன்படும். தமிழில் இல்லை என்பது பெரிய குறை.

கற்றுக்கொள்ள, கணக்கு வைக்க, அந்த நேரத்தைச் சமாளிக்க, உதவி தேட என நான்கு பகுதிகள். அதிகம் திறக்கப்படுவது மூன்றாவது. கோபம், தூக்கமின்மை, பதற்றம், நம்பிக்கையின்மை, பழைய நினைவு கிளறப்படுவது, மனிதர்களிடமிருந்து விலகிப்போனது போன்ற உணர்வு என ஒரு பட்டியல் வரும். ஒன்றைத் தொட்டால் 0 முதல் 10 வரையிலான வெப்பமானி வரும். வேதனை எவ்வளவு என்று குறித்ததும் ஒரு பயிற்சி தருகிறது. முடிந்ததும் மறுபடி குறிக்கச் சொல்கிறது. 8 என்பது 6 ஆனதைக் கண்ணால் பார்ப்பது சின்ன விஷயமல்ல. இது அடங்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

சிக்கல் அந்தப் பட்டியலில்தான். தனக்குள் நடப்பது கோபமா, வெட்கமா, பயமா என்று பிரித்தறிய முடியாத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். பிடிஎஸ்டி உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. "என்ன பண்ணுது?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, நெஞ்சு அடைக்குது" என்பார்கள், அல்லது "மரத்துப் போச்சு" என்பார்கள். பொய்யல்ல, அவருக்குத் தெரிவது அவ்வளவுதான். குற்ற உணர்வுக்கு மன்னிப்புக் கேட்கலாம், பயத்துக்குத் துணை தேடலாம். பெயரே இல்லாத வேதனைக்கு என்ன செய்வது என்று தெரியாது. எல்லாம் ஒரே பாரமாகத் திரண்டு தாங்க முடியாததாகும்போது, சாவு ஒன்றே வழி என்ற எண்ணம் நுழைய இடம் கிடைக்கிறது.

அப்படிப்பட்டவர் பட்டியலை விட்டுவிட்டு நேராகப் பயிற்சிகளுக்குப் போகலாம். உச்சந்தலை முதல் பாதம் வரை உடலைக் கவனிக்கும் பயிற்சியில் தொடங்குவது நல்லது. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு நேரம், வெப்பமானி எண், உடலில் எங்கே என்ன, சற்று முன் என்ன நடந்தது என்று நான்கே விவரம் எழுதட்டும். இரண்டு வாரம் எழுதினால் "வயிறு கலங்குவது அவமானப்பட்ட நாளில், தாடை இறுகுவது கோபத்தில்" என்பதுபோல ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கலாம். பெயர் அப்புறம் வரட்டும்.

வழக்கமான தவறு, வெப்பமானி 9-இல் இருக்கும்போது முதல்முறையாகச் செயலியைத் திறப்பது. அந்நேரத்தில் எழுத்தே மண்டையில் ஏறாது. 3, 4-இல் இருக்கும்போதே பழகி, பிடித்த பயிற்சிகளைக் குறித்து வைக்க வேண்டும். மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் பதற்றம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தபடியே சுற்றியுள்ள பொருள்களைச் சொல்லி, நிகழ்காலத்துக்குத் திரும்பும் பயிற்சிக்கு மாறலாம்.

கணக்கு வைக்கும் பகுதியில் இருப்பது பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்கும் பிசிஎல்-5 வினாத்தாள். 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. 31 முதல் 33-ஐத் தாண்டினால் பிடிஎஸ்டி இருக்கக்கூடும், முறையான பரிசோதனை தேவை என்று கொள்வார்கள். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பயம், திகில், கோபம், குற்ற உணர்வு, வெட்கம் ஐந்தும் ஒரே கேள்வியில் அடைபட்டுள்ளன. எது கூடுகிறது என்று மதிப்பெண் சொல்லாது. அதைவிட முக்கியம், 20-இல் ஒன்றுகூடத் தற்கொலை எண்ணத்தை நேரடியாகக் கேட்பதில்லை. மதிப்பெண் இறங்கியதால் ஆபத்தும் இறங்கிவிட்டது என்று குடும்பமும் ஆலோசகரும் நம்பக் கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது.

செயலியோடு ஒரு தாளும் வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். தற்கொலையைத் தடுக்க ஸ்டான்லி, பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் ஆறு படிகள் கொண்டது: எச்சரிக்கை அறிகுறிகள், தனியாகச் செய்யக்கூடியவை, மனதைத் திருப்பும் மனிதர்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர்கள், சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்குவது. முதல் படியே உணர்ச்சியறிவைக் கேட்கிறது. பெயர் சொல்லத் தெரியாதவரிடம் "சோகம்" என்று எழுதி வாங்குவது வீண். "இரண்டு நாள் போனை எடுக்கமாட்டேன்", "சாப்பாடு ருசிக்காது", "தலை கனக்கும்" என்று உடலையும் நடத்தையையும் எழுதுங்கள். கூட இருப்பவர் கவனித்ததையும் சேருங்கள். ஆறாம் படியில் மாத்திரைகளையும் ஆபத்தான பிற பொருள்களையும் வேறொருவர் பொறுப்பில் விட ஏற்பாடு செய்யுங்கள். அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனை அவசரப் பிரிவுகளுக்கு வந்த 1,640 பேரைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வில், இந்தத் திட்டமும் தொடர் தொலைபேசி விசாரிப்பும் பெற்றவர்களிடம் அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை 3.03 சதவீதம், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களிடம் 5.29. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வல்ல என்றாலும் பொருட்படுத்த வேண்டிய வித்தியாசம்.

செயலிக்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை. 120 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், மூன்று மாதம் பயன்படுத்தியவர்கள், செயலி பெறாமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடத் தங்கள் தொடக்க நிலையிலிருந்து அதிகம் முன்னேறினார்கள். ஆனால் முடிவில் எடுத்த அளவுகளை மட்டும் ஒப்பிட்டால், இரு குழுக்களின் சராசரிகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சைக்கு இடையே கைத்துணையாகப் பரிந்துரைப்போம், சிகிச்சைக்கு மாற்றாக அல்ல.

உதவி தேடும் பகுதியில் இருப்பது அமெரிக்க எண்கள். 988 என்ற அவசர உதவி எண் இந்தியாவிலோ இலங்கையிலோ பயன்படாது. நிறுவியதும் முதல் வேலையாக உங்கள் எண்களைச் சேருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், 24 மணி நேரமும் உண்டு. இலங்கையில் மனநல உதவி எண் 1926. இரண்டையும் முதலில் போனின் தொடர்புப் பட்டியலில் சேமித்துவிட்டு, நள்ளிரவிலும் எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணோடு சேர்த்துச் செயலியில் இணையுங்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "ராத்திரி கூப்பிட்டு ஒண்ணும் பேசாம இருந்தாலும் போனை வெச்சிடாதீங்க."