நாலு மணிக்கு மேல் பிள்ளையை எங்கே விடுவது: டியூஷனா, சென்டரா, மைதானமா?

பள்ளி நாலு மணிக்கு விட்டுவிடுகிறது, நானும் வீட்டுக்காரரும் வேலை முடிந்து சேலம் அம்மாப்பேட்டை வீட்டுக்கு வந்து சேர ஏழாகிவிடும். நடுவில் இருக்கும் மூன்று மணி நேரம் ஐந்தாவது படிக்கும் மகளை என்ன செய்வது என்று இரண்டு வருஷத்தில் மூன்று இடம் மாற்றிப் பார்த்துவிட்டோம்.

முதலில் பக்கத்துத் தெரு டியூஷன். மாதம் 500 ரூபாய், நடந்தே போய்விடலாம், பாட்டி போய்க் கூட்டிவந்துவிடுவார். வீட்டுப்பாடம் அங்கேயே முடிந்துவிடுவதால் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் நோட்டை வைத்துக்கொண்டு கத்த வேண்டியதில்லை, இது சின்ன விஷயமில்லை. ஆனால் எல்கேஜியிலிருந்து எட்டாவது வரை இருபத்தைந்து பிள்ளைகள் ஒரே ஹாலில், ஒரே டீச்சர். கணக்கு புரியாவிட்டால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிடுவாள். அதைவிட, பகல் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளை மறுபடியும் பாயில் உட்காருகிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினம் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டில் அப்போது அந்த 60 நிமிடம் எந்த இடத்திலும் இல்லை.

அப்புறம் எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைக்கும் சென்டர் ஒன்று. அபாகஸ், கராத்தே, ஓவியம், கீபோர்டு, ஸ்போக்கன் இங்கிலீஷ், ஏசி ஹால், மாதம் 2,500. பேர் சொல்ல விருப்பமில்லை. நாலு மாதத்தில் கராத்தே மாஸ்டர் மூன்று பேர் மாறினார்கள், ஒவ்வொருவரும் முதல் பாடத்திலிருந்தே ஆரம்பித்தார்கள். சான்றிதழ் மட்டும் தவறாமல் வந்தது, பிரேம் போட்டு மாட்டுகிற அளவுக்கு. "அங்க வரிசையில நிக்கிறதுதாம்மா ஜாஸ்தி" என்றாள் மகள்.

இதை யோசிக்கும்போதுதான் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. பிள்ளைகளின் பழக்கவழக்கத்தையும் தன்னம்பிக்கையையும் வளர்க்கப் பள்ளி விட்ட பிறகு நடக்கும் திட்டங்களைப் பற்றி டர்லக், வெய்ஸ்பெர்க், பச்சான் மூவரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியிட்டது. நல்ல பலன் தெரிந்த இடங்களில் நாலு விஷயம் இருந்திருக்கிறது: படிப்படியாகச் சொல்லித்தருவது, பிள்ளையையே செய்ய வைப்பது, அதற்கென்று நேரம் ஒதுக்குவது, இன்னதைத்தான் வளர்க்கிறோம் என்ற தெளிவு. இவை இருந்த இடங்களில் படிப்பிலும் முன்னேற்றம், பள்ளி மேல் ஒட்டுதலும் கூடியிருக்கிறது. இல்லாத இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. அதாவது எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும் என்பது சரிப்படாது. எங்கள் சென்டர் நாலிலும் பெயில்.

மூன்றாவது மைதானம், தடகளப் பயிற்சி. செலவு குறைவு, அலைச்சல் அதிகம். நாலரைக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட ஒரு ஆள் வேண்டும், எங்களுக்கு அத்தை வாய்த்தார். மழை வந்தால் அன்றைக்கு ஒன்றுமில்லை. ஆனால் கோச் ஒவ்வொருவர் ஓட்டத்தையும் நோட்டில் எழுதுகிறார், போன வாரத்தோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார். ஒன்பது மணிக்கெல்லாம் பிள்ளை அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறது, போன் கேட்பதில்லை. நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியவர், அவர் திறமையை முதலில் கண்டுகொண்டவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான். அதற்காக எல்லாப் பிள்ளைக்கும் மெடல் வரும் என்று போகாதீர்கள், ஏமாந்துவிடுவீர்கள்.

அதிகம் காசு செலவில்லாத வழிகளும் உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயதுக்காரர்களுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் சொல்லித்தருகிறார்கள், ஆனால் தினமும் வகுப்பு இல்லாததால் தினசரி மாலைக்கு உதவாது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021-ல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி வேறு மாதிரி: தன்னார்வலர் உங்கள் தெருவிலேயே 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளை மாலையில் ஒன்றரை மணி நேரம் போல உட்கார வைத்து, கதை, விளையாட்டு என்று நடத்தினார். ஏற்காடு மலைக்கிராமங்களுக்கு அந்த மாதிரி ஏற்பாடுதான் பொருந்தும் என்பேன். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்கு வந்து எந்தப் பிள்ளை கோச்சிங் போகும்?

இப்போது எங்கள் கணக்கு: திங்கள், புதன், வெள்ளி மைதானம். செவ்வாய், வியாழன் டியூஷன், ஆனால் ஆறு பேருக்கு மேல் சேர்க்காத ஒரு அக்காவிடம். எங்கே சேர்ப்பதானாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒருநாள் சொல்லாமல் ஐந்தரை மணிக்குப் போய் வாசலில் நின்று பாருங்கள், பிள்ளைகள் எதையாவது செய்துகொண்டிருக்கிறார்களா, சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா என்று. சனிக்கிழமை எங்கள் வீட்டில் எந்த வகுப்பும் கிடையாது, தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு வந்து மொட்டைமாடியில் உட்கார்ந்துவிடுவோம்.