மனைத் தரகுத் தொழில்: வகுப்பில் கற்பதா, மூத்தவரிடம் கற்பதா?

தமிழ்நாட்டில் மனைத் தரகுத் தொழிலுக்கு வர விரும்புபவர் பயிற்சி வகுப்பில் சேரலாம். அல்லது மூத்த தரகர் ஒருவரிடம் ஓரிரு ஆண்டுகள் தொழில் பழகலாம்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற மனை, கட்டடத் திட்டங்களின் விற்பனையில் ஈடுபடும் தரகரும் தம்மைப் பதிவு செய்திருக்க வேண்டும். இத்தகைய விதிகளையும் முத்திரைத் தீர்வைக் கணக்கையும் வகுப்பில் முறையாகக் கற்கலாம்.

ஆனால், சொத்தின் மீது பதிவான பரிமாற்றங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் எந்தப் பதிவும் இல்லாத பூர்வீக மனையிலும் விற்பவரின் சகோதரிக்குப் பங்கு இருக்கக்கூடும் என்பதால், "உங்கள் அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிட்டு, அந்தப் பதிலை வாரிசுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பக்குவம் பெரும்பாலும் மூத்தவரின் திண்ணையில்தான் கிடைக்கிறது. ரசீது இல்லாமல் முன்பணம் வாங்கும் பழக்கமும் அதே திண்ணையில் தொற்றக்கூடும்! எனவே, விதிகளை முதலில் வகுப்பில் கற்றுவிட்டுத் திண்ணைக்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன்.