"தண்ணிக்குள்ள போனா சரியாயிடும்" என்றார்கள்: வாடகைக்கு ஸ்கூபா கருவி எடுப்பவர்கள் கவனத்துக்கு

போன மாதம் ஒரு டைவ் சென்டரில் வாடகைக்கு எடுத்த பி.சி.டி. ஜாக்கெட் (காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் நீருக்குள் மிதப்பைச் சரிசெய்யும் அங்கி), 16 மீட்டர் ஆழத்தில் தானாகக் காற்றை நிரப்பிக்கொண்டு என்னை மேலே தூக்கிப் போய்விட்டது. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கோளாறு படகு கிளம்பும் முன்பே தெரிந்தது. நானே சொன்னேன், அவர்கள் காதில் வாங்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சிலிண்டரைத் திறந்ததும், ஜாக்கெட்டுக்குக் காற்றை விடும் பட்டன் உள்ள இன்ஃப்ளேட்டரிலிருந்து மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் வந்தது. பட்டனை நான் தொடவே இல்லை. ஐந்து நிமிடத்தில் ஜாக்கெட் லேசாக உப்பியிருந்தது. அங்கிருந்த ஊழியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பட்டனை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "ஒண்ணும் ஆகாது சார், தண்ணிக்குள்ள போனா சரியாயிடும். ரெண்டு வாரம் முன்னாடிதான் சர்வீஸ் பண்ணினது" என்றார். சர்வீஸ் சீட்டும் அதில் தொங்கியது. படகு கிளம்பும் அவசரம், மற்றவர்கள் காத்திருந்தார்கள். சரி என்று நம்பிவிட்டேன்.

16 மீட்டரில் மிதப்பைச் சரிசெய்ய ஒரு முறை லேசாக அழுத்தினேன். பட்டன் உள்ளே போனது, திரும்பி வரவில்லை. சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரிலிருந்து இன்ஃப்ளேட்டருக்கு வரும் ஹோஸில், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 9, 10 பார் கூடுதலாகக் காற்று இருக்கும். ஜாக்கெட் சில நொடிகளில் இறுகிவிட்டது. ஜாக்கெட்டின் குழாயை உயரத் தூக்கிக் காற்றை வெளியேற்றப் பார்த்தேன். வெளியேறிய வேகத்தைவிட நிரம்பிய வேகம் அதிகம். மேலே போகப் போக நிலைமை இன்னும் மோசமாகும். 16 மீட்டரில் சுமார் 2.6 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, மேற்பரப்பை எட்டும்போது இரண்டரை மடங்குக்கு மேல் விரியும். கடைசி 10 மீட்டரில் மட்டுமே இரு மடங்காகிவிடும். நுரையீரலில் உள்ள காற்றுக்கும் இதே கணக்குதான். பயத்தில் மூச்சை அடக்கியிருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கும். பயிற்சியில் ஆயிரம் முறை சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. விடாமல் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே போனேன். என் கூட்டாளி எட்டிப் பிடித்து, ஹோஸ் இணைப்பின் வளையத்தைப் பின்னால் இழுத்துக் கழற்றினார். அதற்குள் மேற்பரப்புக்கு மிக அருகில் வந்துவிட்டோம். பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருவதெல்லாம் நடக்கவே இல்லை.

வேகமாக மேலே வந்ததால் முன்னெச்சரிக்கையாக ஆக்ஸிஜன் கொடுங்கள் என்று கேட்டேன். பெட்டியைத் திறந்தார்கள். பாட்டிலின் முள் பூஜ்யத்தில் நின்றது. இந்த ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கருவி எங்கும் எப்போதும் பழுதாகலாம். ஆபத்துக்கென்று படகில் வைத்திருக்கும் பாட்டிலில் ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று தினமும் காலையில் ஒருவர் பார்க்கக்கூடவா நேரமில்லை? நேராக மருத்துவரிடம் போனேன். டீகம்ப்ரஷன் நோயின் (வேகமாக மேலே வரும்போது உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாவதால் வருவது) அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால் ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருந்தேன், விமானப் பயணத்தையும் தள்ளிப்போட்டேன்.

கரைக்கு வந்ததும் சென்டர்காரர் சொன்னது: "நீங்க பட்டனை ரொம்ப நேரம் அழுத்திட்டீங்க." அப்போதுதான் அந்தச் சர்வீஸ் சீட்டை ஒழுங்காகப் பார்த்தேன். அதில் எழுதியிருந்த வரிசை எண் வேறு, என் கருவியில் பொறித்திருந்த எண் வேறு. வேறு ஏதோ கருவியின் சீட்டைக் கொண்டுவந்து இதில் மாட்டியிருக்கிறார்கள். கேட்டதற்கு, நான் கையெழுத்துப் போட்ட பொறுப்புத் துறப்புப் படிவத்தை எடுத்து நீட்டினார். இன்ஃப்ளேட்டரைக் கழற்றிப் பார்த்த வேறொரு டெக்னீஷியன், பட்டனுக்குக் கீழே உப்பு கட்டி கட்டியாக உறைந்திருந்ததைக் காட்டினார். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நன்னீரில் அலசியிருந்தால் இவ்வளவு உப்பு சேர்ந்திருக்காது.

வாடகைக்கு எடுப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். சிலிண்டரைத் திறந்து, பட்டனைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஜாக்கெட்டைப் பாருங்கள். தானாக உப்பினால் அதை வாங்காதீர்கள், யார் என்ன சொன்னாலும் சரி. சீட்டில் உள்ள எண்ணையும் கருவியின் எண்ணையும் ஒப்பிடுங்கள். இதற்கு அரை நிமிடம் போதும். பிரஷர் கேஜைப் பார்த்தபடி ரெகுலேட்டரில் நான்கைந்து மூச்சு இழுங்கள். முள் இறங்கி ஏறினால் பெரும்பாலும் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். ஆக்டபஸிலும் (அவசரத்துக்கென்று இருக்கும் இரண்டாவது வாய்க்கருவி) மூச்சு இழுத்துப் பாருங்கள், அதை யாரும் சோதிப்பதே இல்லை. அப்புறம், படகில் ஏறியதும் ஆக்ஸிஜன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் இறங்கிவிடுங்கள்.

ஹோஸைக் கழற்றுவதைக் கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை பழகுங்கள். கையுறை போடுவீர்கள் என்றால் கையுறையோடு பழகுங்கள். அன்று என் கை அந்த வளையத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே இல்லை.

பணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், நான் வாங்கவில்லை. சீட்டின் படத்தையும் கருவி எண்ணின் படத்தையும் சேர்த்து, அவர்களுக்குச் சான்று கொடுத்திருக்கும் பயிற்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.